ஒற்றை எண்ணை நம்பாதீர்கள்!

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களிடம் "இதில் என்ன செய்கிறீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். கடிதம் டைப் செய்கிறோம், படம் பார்க்கிறோம், பிள்ளைகள் கேம்ஸ் ஆடுகிறார்கள் என்று பதில் வரும். எக்ஸெல் தொகுப்பு இருக்கிறதா என்று கேட்டால், "இருக்கிறது, அது ஆபீஸ் கணக்குப் பார்க்கிறவர்களுக்கு" என்பார்கள். இந்த எண்ணம் தவறு என்பது என் கருத்து. நம் வீட்டுக் கம்ப்யூட்டரில் மிகவும் குறைவாகப் பயன்படுத்தப்படும் புரோகிராம் அதுதான். நம்மை ஏமாற்றத்திலிருந்து காப்பாற்றக் கூடியதும் அதுதான். ஏன் என்பதை என் மாமா வீட்டு மாடியில் தொடங்கி, லடாக் வரை சென்று சொல்கிறேன்.

மாமாவின் 15 யூனிட்

எனக்குச் சொந்த ஊர் வெம்பக்கோட்டை. சாப்ட்வேர் வேலைக்காக வெளியூரில் இருக்கிறேன். போன ஆண்டு சித்திரையில் ஊருக்குப் போயிருந்தபோது மாமா ஒரு தாளை நீட்டினார். அட்டைப்பெட்டி செய்யும் சிறு பட்டறை அவருடையது. கடன் வாங்கி மாடியில் 3 கிலோவாட் சோலார் போட்டிருந்தார். விற்றவர் கொடுத்த தாளில், "ஒரு நாளைக்கு 15 யூனிட்" என்று ஒரே ஒரு எண் இருந்தது. அந்த எண்ணை வைத்துத்தான் மாதத் தவணையைக் கணக்குப் போட்டிருக்கிறார். மீட்டரோ 11 யூனிட்டைத் தாண்ட மறுத்தது.

"மாப்ள, நீ கம்ப்யூட்டர் படிச்சவன். இந்தப் பேனல்ல என்ன கோளாறுன்னு பாரு. நாளைக்கு அந்த ஆளைக் கூப்பிட்டு ரெண்டுல ஒண்ணு பாத்துடறேன்" என்றார்.

பேனலில் கோளாறே இல்லை. விற்றவர் 3 கிலோவாட்டை 5 மணி நேர முழு வெயிலால் பெருக்கி 15 என்று எழுதியிருந்தார். ஆனால் அந்த 3 கிலோவாட் என்பது பேனலின் வெப்பநிலை 25 டிகிரி செல்சியஸ் இருக்கும்போது சோதனைக் கூடத்தில் அளந்த எண். எங்கள் ஊர் சித்திரை வெயிலில் மாடியில் கிடக்கும் பேனல் 60 டிகிரியைத் தாண்டிக் கொதிக்கும். சூடு ஒரு டிகிரி ஏறினால் பேனலின் மின்சாரம் சுமார் 0.35 சதவீதம் குறையும். இதற்கு 14 சதவீதம் கழிக்கலாம். செம்மண் தூசிக்கு ஒரு 5 சதவீதம். இன்வெர்ட்டர் இழப்புக்கும், பகலில் கரண்ட் போகும் நேரத்துக்கும் சேர்த்து 8 சதவீதம். (லைனில் கரண்ட் போனால் இந்த வகை இன்வெர்ட்டரும் நின்றுவிடும்.) எக்ஸெல்லில் 15-ஐ 0.86, 0.95, 0.92 ஆகியவற்றால் பெருக்கினேன். 11.27 வந்தது. மீட்டர் காட்டியதும் அதுதான்.

மாமா கொஞ்ச நேரம் மானிட்டரையே பார்த்தார். "இதை வாங்குறதுக்கு முன்னாடி போட்டுக் காட்டியிருந்தா, தவணையை ரெண்டு வருசம் நீட்டி வாங்கியிருப்பேனே" என்றார். அந்த வார்த்தைதான் இந்தக் கட்டுரையை எழுத வைத்தது. விற்றவர் பொய் சொல்லவில்லை. ஆனால் அந்த எண் எந்த நிலைமையில் உண்மை என்று சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

மற்ற ஊர்க்காரர்கள் கேட்காமல் விடலாம். எங்கள் ஊர்க்காரர்கள் விடக் கூடாது. ஒரே மருந்து காலையில் ஒரு மாதிரி, உச்சி வெயிலில் வேறு மாதிரி, மழைக்கால ஈரத்தில் இன்னொரு மாதிரி நடந்து கொள்ளும் என்பது பட்டாசுத் தொழில் செய்யும் பூமியில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். வெயில் ஏறுவதற்குள் கலவை வேலையை முடித்துவிட வேண்டும் என்பது எங்களுக்கு உயிர்ப் பாடம். "எந்த நிலைமையில்?" என்ற கேள்வி எங்கள் தொழிலிலேயே இருக்கிறது. அதை மற்ற விஷயங்களுக்குக் கொண்டு செல்லத்தான் மறந்து விடுகிறோம்.

10,600 மெகாவாட் என்ற எண்

மாமா வீட்டுக் கணக்கு நாட்டுக் கணக்கிலும் நடக்கிறது. பூமிக்கு அடியில் இருக்கும் வெப்பத்திலிருந்து மின்சாரம் எடுப்பது பற்றி இப்போது நிறையப் பேசப்படுகிறது. மத்திய அரசு 2025 செப்டம்பரில் இதற்கென்று ஒரு தேசியக் கொள்கையையே வெளியிட்டது. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை நாடு முழுவதும் 381 வெந்நீர் ஊற்றுகளை ஆராய்ந்திருக்கிறது. இவற்றிலிருந்து 10,600 மெகாவாட் மின்சாரம் எடுக்க வாய்ப்புண்டு என்ற எண் பல இடங்களில் திரும்பத் திரும்பச் சொல்லப்படுகிறது.

10,600 என்பது பெரிய எண்தான். ஆனால் எந்தச் சூட்டில்? எவ்வளவு தண்ணீர் வந்தால்? எத்தனை ஆண்டுகளுக்கு? கோடையிலா, குளிரிலா? மாமாவின் 15 யூனிட்டைப் போல இதுவும் தனியாக நிற்கிறது.

லடாக்கில் பூகா என்ற பள்ளத்தாக்கு இருக்கிறது. கடல் மட்டத்திலிருந்து சுமார் 4,400 மீட்டர் உயரம். நம் நாட்டில் இந்த வகை மின்சாரத்துக்கு மிகவும் நம்பிக்கை தரும் இடம் இதுதான் என்று பல ஆண்டுகளாகச் சொல்லப்படுகிறது. அங்கே ஊற்று நீர் 84 டிகிரியில் கொதித்துக் கொண்டு வெளியே வரும். கொதிநிலை 100 டிகிரி அல்லவா என்று கேட்பீர்கள். அந்த உயரத்தில் காற்றழுத்தம் குறைவு என்பதால் அங்கே தண்ணீர் 85 டிகிரி அளவிலேயே கொதித்துவிடும். 1970களில் புவியியல் ஆய்வுத் துறை அங்கே துளைகள் போட்டபோது 140 டிகிரி வரை சூடு கிடைத்தது. 2021 பிப்ரவரியில் ஓஎன்ஜிசி நிறுவனத்தின் எரிசக்தி மையமும், லடாக் நிர்வாகமும், லே மலைப் பகுதி வளர்ச்சிக் குழுவும் ஒப்பந்தம் போட்டன. முதல் இலக்கு 1 மெகாவாட். 2022-ல் துளையிடும்போது பூமிக்கு அடியிலிருந்த வெந்நீர் பீறிட்டு, அருகிலுள்ள ஓடையில் கலந்தது செய்தியானது. நிலத்துக்கு அடியில் இருப்பது நம் தாளில் எழுதியபடி நடந்து கொள்ளாது என்பதற்கு இதுவே சாட்சி.

ஆந்திர எல்லையை ஒட்டிய தெலங்கானாவின் மணுகூரு பகுதியிலும் சிங்கரேணி நிலக்கரி நிறுவனம் 20 கிலோவாட் அளவில் ஒரு சோதனை நிலையத்தை அமைத்தது. 20 கிலோவாட் என்றால் மாமா மாடியில் இருப்பதைப் போல ஏழு மாடி. 10,600 மெகாவாட் எங்கே, 20 கிலோவாட் எங்கே! இந்த இடைவெளியைப் புரிந்து கொள்ள நம் கம்ப்யூட்டர் உதவும்.

பிரிட்ஜைத் திருப்பிப் போட்டால்...

இந்த நிலையம் வேலை செய்யும் விதம் எளிது. 140 டிகிரி வெந்நீரைக் கொண்டு நேராக டர்பைனைச் சுழற்றுவது கடினம். அதனால் குறைந்த சூட்டிலேயே ஆவியாகும் வேறொரு திரவத்தை ஒரு மூடிய குழாய்க்குள் வைத்து, அதை வெந்நீரால் சூடாக்குகிறார்கள். அந்தத் திரவம் ஆவியாகி டர்பைனைச் சுழற்றும். பிறகு அதைக் குளிர வைத்து மீண்டும் திரவமாக்கிச் சுற்றுக்கு அனுப்புவார்கள். இதற்குப் பைனரி முறை என்று பெயர். உங்கள் வீட்டுப் பிரிட்ஜைத் திருப்பி ஓட்டுவது போலத்தான். அமெரிக்காவின் அலாஸ்கா மாநிலத்தில் சேனா என்ற இடத்தில் 2006-ல் அப்படித்தான் செய்தார்கள். குளிர்சாதன இயந்திரப் பாகங்களைக் கொண்டே 200 கிலோவாட் நிலையம் அமைத்தார்கள். அங்கே வெந்நீரின் சூடு வெறும் 74 டிகிரிதான்! பிறகு எப்படி முடிந்தது? குளிர வைக்கும் தண்ணீர் ஐஸ் போல இருந்ததால் முடிந்தது.

ரகசியம் இங்கேதான் இருக்கிறது. மின்சாரம் சூட்டிலிருந்து வருவதில்லை. சூட்டுக்கும் குளிருக்கும் இடையிலுள்ள வித்தியாசத்திலிருந்து வருகிறது.

நீங்களே செய்து பாருங்கள்

எக்ஸெல் தொகுப்பைத் திறந்து கொள்ளவும். எக்ஸெல் இல்லாதவர்கள் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க் தொகுப்பைப் பயன்படுத்தலாம். ஏ வரிசையில் பெயர்களையும் பி வரிசையில் எண்களையும் டைப் செய்திடவும். (செல் பெயர்களை இங்கே தமிழில் எழுதுகிறேன். டைப் செய்யும்போது ஆங்கில எழுத்துகளில் கொடுக்கவும்.) எண்கள் நான் எடுத்துக் கொண்ட உதாரணம் மட்டுமே.

பி1: விநாடிக்கு வரும் வெந்நீர், 25 கிலோ
பி2: வெந்நீர் உள்ளே வரும் சூடு, 140
பி3: வெளியே போகும் சூடு, 70
பி4: வெளிக்காற்றின் வெப்பநிலை, 30
பி5: நடைமுறைப் பங்கு, 0.55
பி6: நிலையமே எடுத்துக் கொள்ளும் மின்சாரம், 150 கிலோவாட்

இனி பார்முலாக்கள். ஒவ்வொன்றையும் சமக்குறி போட்டுத் தொடங்க வேண்டும்.

பி7, கிடைக்கும் வெப்பம்: =பி1*4.18*(பி2-பி3)
பி8, திறன்: =பி5*(பி2-பி4)/(பி2+பி4+546)
பி9, மொத்த மின்சாரம்: =பி7*பி8
பி10, கைக்கு வரும் மின்சாரம்: =பி9-பி6

இதில் 4.18 என்பது ஒரு கிலோ தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்கத் தேவைப்படும் வெப்பம், கிலோஜூலில். 546 என்பது இரண்டு முறை 273. செல்சியஸைக் கெல்வினாக மாற்றுவதற்கு. திறனுக்கான பின்னம் இயற்கை விதித்த உச்ச வரம்பு. நல்ல பைனரி நிலையங்கள் அந்த வரம்பில் பாதிக்குச் சற்று மேல்தான் எட்டுகின்றன. அதற்காகத்தான் 0.55.

என்டர் தட்டியவுடன் பி9-ல் 618 கிலோவாட் வரும். பி10-ல் 468 மிஞ்சும். பூமியிலிருந்து வந்த 7,315 கிலோவாட் வெப்பத்தில் நம் கைக்கு வருவது இவ்வளவுதான் என்பதைப் பார்த்தாலே பாதி விஷயம் புரிந்துவிடும்.

இனி பி4-ஐ மட்டும் மாற்றவும். 10 கொடுத்தால் மொத்தம் 751. மைனஸ் 10 கொடுத்தால் 893! கைக்கு வருவது 743. இயந்திரம் அதே, கிணறு அதே, தண்ணீர் அதே. காற்று குளிர்ந்ததற்கே ஏறக்குறைய 60 சதவீதம் கூடுதல் கிடைக்கிறது. லடாக்கில் குளிர்காலத்தில்தான் மின்சாரத் தேவை கூடும். நிலையமும் அப்போதுதான் அதிகம் கொடுக்கும். நல்ல பொருத்தம். இதையே நம் ஊர்ப் பக்கம் வைத்தால் தலைகீழ். கோடை மதியத்தில் எல்லா வீட்டிலும் ஏசி ஓடும்போது நிலையம் தளர்ந்து கிடக்கும். "1 மெகாவாட் நிலையம்" என்று பெயர்ப்பலகையில் எழுதிய எண் இந்த இரண்டையும் சொல்லாது.

அடுத்து பி4-ல் மீண்டும் 30 கொடுத்து, பி2-ஐ 140-லிருந்து 130 ஆக்கவும். மொத்தம் 618-லிருந்து 488-க்கு இறங்கும். பத்து டிகிரி போனதற்கு ஐந்தில் ஒரு பங்கு மின்சாரம் போயிற்று. இது கற்பனைக் கவலை இல்லை. கலிபோர்னியாவில் கீசர்ஸ் என்ற இடத்தில் உலகின் மிகப் பெரிய புவிவெப்ப மின்நிலையத் தொகுதி இருக்கிறது. 1980களில் போட்டி போட்டுக் கொண்டு கிணறுகள் தோண்டினார்கள். அந்தப் பத்தாண்டின் முடிவில் நீராவியின் அழுத்தம் இறங்கி உற்பத்தி சரியத் தொடங்கியது. 1997-லிருந்து பக்கத்து ஊர்களின் சுத்திகரித்த கழிவுநீரைக் குழாயில் கொண்டு வந்து பூமிக்குள் செலுத்தித்தான் சரிவைக் கட்டுப்படுத்தினார்கள். நம் ஊரில் ஒரே தெருவில் ஆளுக்கொரு போர் போட்டால் என்ன ஆகுமோ, அதேதான்.

இன்னொரு வசதியையும் முயன்று பாருங்கள். பி2-ல் மீண்டும் 140 கொடுத்துவிட்டு, டேட்டா டேபில் வாட் இஃப் அனாலிசிஸ் பிரிவில் கோல் சீக் என்பதைத் தேர்ந்தெடுக்கவும். கால்க் தொகுப்பில் இது டூல்ஸ் மெனுவில் இருக்கும். செட் செல் என்ற இடத்தில் பி10, டு வேல்யூ என்ற இடத்தில் 1000, பை சேஞ்சிங் செல் என்ற இடத்தில் பி1 கொடுத்து ஓகே தட்டவும். கைக்கு 1 மெகாவாட் வர விநாடிக்கு 46.5 கிலோ வெந்நீர் வேண்டும் என்று சொல்லும். காற்று மைனஸ் 10 என்றால் 32 கிலோ போதும். இப்போது "1 மெகாவாட்" என்ற செய்தியைப் படித்தால் உங்கள் மனதில் தானாகவே கேள்வி எழும்: அந்தக் கிணற்றில் எவ்வளவு தண்ணீர் வருகிறது?

கம்ப்யூட்டர் கோபித்துக் கொள்ளாது

ஓர் எச்சரிக்கை. இலங்கையில் திருகோணமலை அருகே கன்னியா வெந்நீர் ஊற்று இருக்கிறது. ஏழு கிணறுகள். சூடு சுமார் 40 டிகிரி. அங்கே ஒரு மின்நிலையம் வைத்தால் என்ன என்று ஆசைப்பட்டு பி1-ல் 25, பி2-ல் 40 கொடுத்துப் பாருங்கள். வெப்பம் மைனசில் வரும்! வெளியே போகும் சூடு இன்னும் 70 என்றே இருப்பதால், நம் நிலையம் தண்ணீரைச் சூடாக்குகிறது என்று கம்ப்யூட்டர் சொல்கிறது. அதற்கு வெட்கமும் இல்லை, கோபமும் இல்லை. கொடுத்ததைக் கணக்குப் போட்டுத் தரும். பி3-ஐ 35 ஆக்கினால் மொத்தம் 5 கிலோவாட் கூட வராது. நிலையத்தின் மோட்டார்களுக்கே போதாது. கன்னியாவில் நம் முன்னோர்கள் குளித்தது சரியான முடிவுதான்.

"இது விளையாட்டுக் கணக்கு. இன்ஜினியர்களிடம் பெரிய சாப்ட்வேர்கள் இருக்கின்றன, நாம் ஏன் மெனக்கெட வேண்டும்?" என்று சிலர் கேட்கலாம். இருப்பது உண்மை. அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வுக்கூடத்தில் உருவான டஃப்2 என்ற புரோகிராம் பூமிக்கடியில் நீரும் வெப்பமும் நகர்வதையே கணக்கிடும். என் அட்டவணையில் விடுபட்டவையும் நிறைய. தண்ணீர் அதிகம் வேண்டுமென்றால் பம்ப் அதிகம் மின்சாரம் தின்னும். நான் 150-ஐ மாற்றவே இல்லை. பூகாவில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் சுமார் 60 சதவீதம்தான் என்பதால், மின்விசிறிகள் கூடுதல் காற்றைத் தள்ள வேண்டும். குழாயில் உப்பு படிந்தால் வெப்பம் ஏறாது. நம் வீட்டு வாட்டர் ஹீட்டரில் படிவது போலத்தான்.

ஆனால் நான் இதைச் செய்யச் சொல்வது நிலையம் கட்டுவதற்காக இல்லை. கேள்வி கேட்பதற்காக. பெரிய சாப்ட்வேர் சொன்ன எண்ணும் யாரோ கொடுத்த எண்களிலிருந்து வந்ததுதான். அந்த எண்கள் எவை என்று கேட்கத் தெரிந்தவர் வேண்டாமா?

என் கருத்து இதுதான். மக்கள் பணத்தில் நடக்கும் எந்தத் திட்டத்துக்கும் "இத்தனை மெகாவாட்" என்று ஒற்றை எண்ணை மட்டும் வெளியிடக் கூடாது. எந்தச் சூடு, எவ்வளவு நீர், எந்தக் காலம், எத்தனை ஆண்டு என்ற நிலைமைகளையும், முடிந்தால் கணக்குப் போட்ட பைலையும் சேர்த்து வெளியிட வேண்டும். யார் வேண்டுமானாலும் ஒரு செல்லை மாற்றிப் பார்க்கட்டும். சோலார் விற்பவரும் தாளில் சித்திரை மாதத்துக்கு ஓர் எண், ஐப்பசிக்கு ஓர் எண் என்று எழுதிக் கொடுக்கட்டும். கல்லூரி மாணவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். கடைசி ஆண்டு புராஜக்டைக் கடையில் ரெடிமேடாக வாங்கி பைண்ட் போடாதீர்கள். ஓர் உண்மையான நிலையத்தை எடுத்துக் கொண்டு, பைத்தானிலும், இலவசமாகக் கிடைக்கும் கூல்ப்ராப் போன்ற தொகுப்பிலும் இந்தக் கணக்கை ஒழுங்காகப் போடுங்கள்.

மாமா இப்போது பத்து நாளைக்கு ஒரு முறை விடிகாலையில் பேனலைக் கழுவுகிறார். தூசிக்கான 0.95-ஐ 1 ஆக்கினால் நாளுக்கு அரை யூனிட்டுக்கு மேல் திரும்பி வரும் என்று அட்டவணை சொன்னது. மீட்டரும் கிட்டத்தட்ட அதையே சொல்கிறது. தவணை குறையவில்லை. ஆனால் விற்றவருடன் சண்டையும் நடக்கவில்லை. பக்கத்துப் பட்டறைக்காரர் ஒருவர் பேட்டரி வாங்கப் போவதாகச் சொன்னபோது, மாமா அவரிடம் கேட்ட முதல் கேள்வி: "எந்த வெயில்ல?"

இந்த மாதம் கம்ப்யூட்டரை ஆன் செய்தவுடன் ஒரு முறையாவது எக்ஸெல்லைத் திறந்து, உங்கள் வீட்டில் யாரோ கொடுத்துவிட்டுப் போன ஓர் எண்ணை எடுத்துக் கொள்ளுங்கள். பைக் மைலேஜ், இன்வெர்ட்டர் பேட்டரி நேரம், மோட்டார் இறைக்கும் தண்ணீர், எதுவானாலும் சரி. அது எந்தெந்த நிலைமைகளைப் பொறுத்தது என்று ஒவ்வொரு செல்லாக எழுதி, ஒன்றை மட்டும் மாற்றிப் பாருங்கள்.